ஓதாமல் நகர்ந்த கொட்டைகள்

அந்த வியாழக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, பெண்கள் தொழுது ஓதுகிற தைக்காவில் இருந்தவர்கள்: கிழக்குத் தெரு ஆசியா உம்மா, அவளுடைய தங்கை மகள் உம்மு ஹபீபா, ஒரே வீட்டு அக்கா தங்கை ஜெய்னம்பு, மைமூனம்பு, காது கேளாத ஹவ்வா உம்மா, மடியில் பிள்ளையோடு செய்யிதம்மாள், மடியில் பிள்ளையோடு ருகையா, மூச்சிரைக்கிற மரியம் பீவி, எப்போதும் பிந்தி வருகிற மீராம்மாள், அன்றும் பிந்தித்தான் வந்தாள், அவள் பின்னாலேயே அவள் மகள் ஜுலைகா, கடைசியாக, தைக்காவின் சாவியை இருபத்தாறு வருடமாக இடுப்பில் முடிந்திருக்கும் சாறா நாச்சி. மடிப் பிள்ளைகள் இரண்டையும் சாறா நாச்சி எண்ணவில்லை, ஓதத் தெரியாதவை என்பதால். ஆகப் பதினொருவர். கடலில் இருக்கிற ஆண்களுக்காக மாதம் ஒரு தடவை, நபி மீது வாழ்த்தாக ஓதுகிற ஸலவாத்து நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நான்கு தடவை. ஒரு தடவைக்கு ஒரு புளியங்கொட்டை. பதினொருவருக்கு வகுத்தால் ஆளுக்கு நானூற்று நான்கு, மிச்சமே இல்லை. இப்படி மிச்சமில்லாமல் வருகிற மாதங்களில் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். அறுபத்தோரு வயதில் இதற்கெல்லாம் சந்தோஷப்படுவதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று அந்தக் குளிர்ச்சி பாதியிலேயே நின்றுவிட்டது. காலையில் மற்றவர்கள் வருமுன் உம்மு ஹபீபா தனியாக வந்து கேட்டுவிட்டுப் போன கேள்வி அங்கே குறுக்கே உட்கார்ந்திருந்தது.

கேள்வி பெரியதல்ல, மூன்று மூச்சில் கேட்டு முடித்துவிட்டாள். "லாத்தா, சனிக்கிழமையிலேருந்து ஏழு புள்ளைகளுக்கு இங்க வச்சு எழுதக் கத்துக் குடுக்கட்டா? ஓதுறதுக்கு இல்ல, எழுதுறதுக்கு. நீங்க சரின்னா உம்மாமார் ஏழு பேரும் அனுப்புறேன்னு சொல்லிட்டாஹ." சாறா நாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே, "பலகை நாளைக்குப் போவுதே" என்று மட்டும் சொன்னாள். அது உண்மை. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாத் பீ போன வருடக் காலராவில் போனபிறகு, உள்ளறைப் பெட்டியில் கிடக்கிற பலகைகளை ஆண் பிள்ளைகளின் மதரசாவுக்கு அனுப்பச் சொல்லி மரைக்காயர் ஆள் விட்டிருந்தார். தைக்காவை மேற்பார்க்கிற மரைக்காயர் கெட்டவரல்ல, பெருநாளுக்குப் பெருநாள் அவளுக்குப் புடவை அனுப்புகிறவர். ஆனால் சாவி அவர் கொடுத்தது. சாவி போனால் அவள் படுக்கிற பக்கத்து அறையும் போகும். "அதனாலதான் லாத்தா இன்னைக்கே கேக்குறேன். அஸர் தொழுகைக்குள்ள சொல்லுங்க" என்றாள் உம்மு ஹபீபா. இரண்டு வருடம் கொழும்பில் புருஷனோடு இருந்தபோது அவனே கற்றுக்கொடுத்தானாம், அரபு எழுத்தில் தமிழை எழுத. அவன் கை பிடித்து எழுதவைத்தானா, எழுதிக் காட்டி எழுதச் சொன்னானா என்று கேட்க சாறா நாச்சிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

முதலில் வழக்கம்போல முனாஜாத்து. தைக்காவைக் கட்டிய பெரிய நாச்சி பாடிய நாற்பத்தொரு பாட்டையும் எல்லோரும் சேர்ந்து இழுத்து ஓதி முடித்தார்கள். பிறகு அவரவர் வலது முழங்காலருகே கொட்டைகளைக் குவித்துக்கொண்டார்கள். வாய்க்குள் ஒருமுறை ஓதி, ஒரு கொட்டையை இடது பக்கம் நகர்த்த வேண்டும். இடது பக்கம் சேரச் சேர நடுவில் விரித்த வெள்ளைத் துணியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பதினோரு வாயும் ஒரே நேரத்தில் முணுமுணுக்கத் தொடங்கியதும் தைக்கா முழுக்க மழைக்கு முந்தின காற்று மாதிரி ஒரு சத்தம் நிறைந்தது. சாறா நாச்சி ஒன்று, இரண்டு என்று நகர்த்தினாள். பத்து, இருபது. பதினேழாவது பாட்டு மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. இது புதிதல்ல, முப்பது நாற்பது வருடமாகவே அந்தப் பாட்டு வருகிற இடத்தில் அவளுக்குக் குரல் இறங்கிவிடும். யா அல்லாஹ், பூவை வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்த மார்பு இது, இதற்குள் உன் பேரை ஊற விடு என்று வரும் இடம். பால்குடிப் பிள்ளை தவறிப்போனவளுக்கு மல்லிகைப் பூவை அரைச்சேர் வாங்கி மார்பில் வைத்துக் கட்டுவார்கள், இரண்டு மூன்று நாளில் பால் நின்றுவிடும், பூ கறுத்துப் புளித்த வாடை அடிக்கும். சாறா நாச்சிக்கும் கட்டினார்கள். நாற்பதாம் நாள் போன பிள்ளை, ஆண் பிள்ளை, பெயர் வைத்தாகிவிட்டது. அந்த வாடைக்குப் பிறகு அவள் தலையில் மல்லிகை வைத்ததில்லை. அறுபது, அறுபத்தொன்று. முனாஜாத்து ஏட்டின் தலைப்பில் 'சொன்னது நாச்சி, எழுதியது அவர் தம்பி' என்று இருக்கிறது. தம்பியா? பெரிய நாச்சி போய் நூற்று நாற்பது வருடம் ஆகிறது. அப்போது எந்தப் பெண்ணும் எழுத மாட்டாள், ஓதத்தான் செய்வாள், ஆகவே தம்பி எழுதினான் என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் இந்தப் பாட்டை எப்படிச் சொல்லியிருப்பாள்? திரைக்கு அந்தப் பக்கம் தம்பி எழுதுகோலோடு உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் அக்கா பூக்கட்டிப் பால் வற்றியதை அசை பிரித்து, நிறுத்தி, திரும்பச் சொல்லி, அவன் "மார்புன்னு எழுதட்டுமா?" என்று கேட்டு. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. முடியுமா அது? ஹவ்வா உம்மாவின் மடியில் பூனை ஏறியது, அவள் ஓதிக்கொண்டே அதைத் தட்டிவிட்டாள். நூற்றுப் பத்து.

பெரிய நாச்சியால் முடிந்திருக்காது. சாறா நாச்சிக்குத் திரை என்றால் என்னவென்று தெரியும், ஒரு திரைக்குப் பின்னால் பதினோரு தடவை உட்கார்ந்தவள். அவுஹ, அவள் புருஷன், பினாங்குக்கு இரண்டாம் தடவை கப்பலேறியபின் வந்த கடிதம் பதினொன்று. ஒவ்வொன்றையும் அவளே ஓதிக்கொண்டாள், அந்தமட்டும் ஓதத் தெரியும், அரபு எழுத்துத் தமிழ்தான், அவர் கையில் லாம் எழுத்து எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், சாய்ந்த லாமைப் பார்த்தாலே ஆளைப் பார்த்தமாதிரி. பதில் எழுதத்தான் கொழுந்தன் வரவேண்டும். கொழுந்தன் நல்லவன், செருமிக்கொண்டே வருவான், திரைக்கு அப்பால் பாயில் உட்கார்ந்து காகிதத்தை நீவுகிற சத்தம் கேட்கும். "சொல்லுங்க மதினி." "எல்லாரும் சுகம்னு எழுதுங்க." "எழுதியாச்சு. வேற?" "மழை பேஞ்சுதுன்னு எழுதுங்க." "எழுதியாச்சு. வேற என்ன எழுத மதினி?" "வேற ஒண்ணுமில்ல." பிள்ளை போனதைக்கூட அவன்தான் தானாக எழுதினான், 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று தொடங்கி நாலு வரி. பூவைப் பற்றி இல்லை, வாடையைப் பற்றி இல்லை, ஒரு வாரம் அவள் சட்டையெல்லாம் நனைந்துகொண்டே இருந்ததைப் பற்றி இல்லை. அது பெரிதில்லை, அதை விடு. அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. அங்கே உங்களுக்கு இன்னொரு வீடு இருக்கிறதா? கோபமாகக் கேட்க நினைக்கவில்லை. கப்பல் ஓட்டிப் போகிறவர்கள் போகிற இடத்தில் நிக்காஹ் செய்துகொள்வது ஊரில் ஏழெட்டு வீட்டில் உண்டு. தெரிந்துகொள்ளத்தான். தெரிந்தால் அதற்கேற்றபடி இருந்துகொள்வாள், அவ்வளவுதான். கொழுந்தன் வாயால் அந்தக் கேள்வியை எப்படி அனுப்புவது? நாலாம் வருடம் அவர் போய்ச்சேர்ந்த செய்தியும் அவர் பெட்டியும் ஒரே கப்பலில் வந்தன. பெட்டியில் ஆறு சட்டை. இரண்டு சட்டையில் நான்கு பொத்தான்கள் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தன. இந்த வீட்டில் சிவப்பு நூல் இருந்ததே இல்லை. நெருக்கமான தையல், நூலை இரண்டாக முறுக்கி, அடியில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது, சாறா நாச்சிக்கே அப்படித் தைக்க வராது. அவராகத் தைத்திருப்பாரோ? கப்பலில் யாராவது சாரங்கு, மாலுமி? இல்லை, ஒரு பெண்ணா, பெண்ணென்றால் அவளுக்குப் பிள்ளை இருந்ததா, அவளும் இங்கே இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று யாரிடமாவது கேட்டாளா, அவளுக்கு எழுதத் தெரியுமா? முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அழுகை எப்போதோ வற்றிவிட்டது, யார் தைத்தது என்கிற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, சில நாள் அதை எடுத்துப் பார்த்து வைப்பாள், பொத்தானைப் போல. எழுதத் தெரிந்திருந்தால் ஒரு வரி. ஒரே ஒரு வரி.

எழுதிப் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்து வயதில் அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி விரலால் தன் பெயரில் வருகிற முதல் எழுத்தை, ஸீனை, வளைத்துப் பார்த்தாள். உம்மா பார்த்தாள். அடிக்கவில்லை, ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, "ஓதுறதுக்குக் கண்ணு போதும்" என்றாள், அவ்வளவுதான். உம்மா எதற்குப் பயந்தாள்? எழுதினால் யாருக்காவது எழுதுவாள் என்றா? யாருக்கு? அந்த வயதில் அவளுக்கு எழுத ஆள் யாரும் இல்லையே, எழுத்து வளைகிறதா என்று பார்க்கத்தான் ஆசை. சாமான் அறைக் கதவின் உள்பக்கம் மாதத்துக்கு ஒரு கரிக்கோடு போட்டுவருகிறாள், முந்நூற்றுப் பன்னிரண்டு கோடு ஆகிறது, ஒவ்வொன்றும் பார்த்தால் முதல் எழுத்தான அலிஃப் மாதிரிதான் நிற்கிறது. அது எழுத்தா? எழுத்தென்றால் இத்தனை வருடமும் மரைக்காயர் புடவை அனுப்பியது எழுதுகிற ஒருத்திக்கா? சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரிய நாச்சிக்கும் ஒரு கதவு இருந்திருக்கும். சாம்பல் இருந்திருக்கும். துடைக்க உம்மா இருந்தாளா இல்லையா? இரு, இப்படிப் பார்ப்போம். தம்பி எழுதினான் என்பது உண்மையென்றால் பதினேழாவது பாட்டு பொய்யாக வேண்டும், பதினேழாவது பாட்டு வாயால் சொன்னதல்ல, அது யாரும் இல்லாத இடத்தில் குனிந்து உட்கார்ந்து ஒருத்தி தானே வைத்தது. அதை அவள் தம்பியிடம் கொடுத்திருப்பாள், அவன் பார்த்தெழுதியிருப்பான், தலைப்பில் அவன் பெயர் வந்திருக்கும். அதனால் அவன் பொய்யும் சொல்லவில்லை. கணக்கு நேராகிறது. எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் நேராகிறது. நூற்று நாற்பது வருடமாகப் பெண்கள் ஓதுகிற இந்தத் தைக்காவைக் கட்டியவள் எழுதத் தெரிந்தவள். அப்படியென்றால் உம்மு ஹபீபா கேட்பது புதிய வழக்கம் ஆகுமா? அப்படியென்றால் இடையில் யாரோ ஈரத்துணியால்—

கை நின்றது. வலது முழங்காலருகே கொட்டை குறைந்திருந்தது. பார்வையாலேயே எண்ணினாள்: நூற்று முப்பத்தொன்று. அப்படியென்றால் இருநூற்று எழுபத்து மூன்று நகர்ந்துவிட்டது, நடுத்துணியிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஓதினோமா? நாக்கைத் தொட்டுப் பார்ப்பதுபோல நினைவைத் தொட்டுப் பார்த்தாள். பூனை ஏறியபோது நூற்றுப் பத்து, அது நிச்சயம், அதுவரை ஒவ்வொன்றும் வாயால் வந்தது. அதற்கப்புறம் திரையும் சட்டையும் சாம்பலும்தான். விரல் பாட்டுக்கு நகர்த்தியிருக்கிறது, வாய் சும்மா இருந்திருக்கிறது. நூற்று அறுபத்து மூன்று கொட்டை ஓதாமல் போயிருக்கிறது. கடலில் நிற்கிற ஏதோ ஒரு தோணியின் அடிப்பலகை கழன்றதுபோல இருந்தது. இருபத்தாறு வருடத்தில் நடக்காதது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? குவியலில் கொட்டை சரியாக இருக்கும், எண்ணினால் நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நான்கு வரும், எல்லோரும் துஆ கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணிக்கை இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தப் பதினோரு பதில் மாதிரி. அதுவும் நகர்ந்துதானே போயிற்று, ஒவ்வொன்றாக, கடல் தாண்டி, எண்ணினால் பதினொன்று சரியாக இருக்கும். அவள் வாயால் ஒன்றுகூட இல்லை. இதை ஏன் இத்தனை நாள் எண்ணாமல் விட்டோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

எழுந்து நடுவிரிப்புக்குப் போய்க் குனிந்து கொட்டைகளைத் திரும்ப எண்ணி எடுக்கத் தொடங்கினாள். முணுமுணுப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. கடைசியில் ஹவ்வா உம்மா மட்டும் ஓதிக்கொண்டிருந்தாள்.

"என்ன கணக்கு லாத்தா, அல்லாஹ்வுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்குறீங்க?" என்றாள் ஆசியா உம்மா. அவள் மெதுவாகப் பேசினாலே முடுக்கில் போகிறவளுக்குக் கேட்கும். பெண்கள் மட்டும் நடக்கிற அந்தச் சந்தில் யாரோ நின்றதும் தெரிந்தது.

"ஓதாம நகர்த்திட்டேன்" என்றாள் சாறா நாச்சி, கொட்டையைப் பார்த்துக்கொண்டே. முகம் சுட்டது. "நூத்தி அறுபத்து மூணு."

"நீங்களா!" என்றாள் மைமூனம்பு. அக்கா அவள் தொடையில் கிள்ளினாள். ஜுலைகா துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மீராம்மாள், "அல்ஹம்துலில்லாஹ், இன்னைக்குப் பிந்தினது நான் மட்டும் இல்ல" என்றதும் மரியம் பீவிக்கு இருந்த மூச்சிரைப்போடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

"அப்படி என்ன யோசனை லாத்தாவுக்கு?" ஆசியா உம்மா தன் தங்கை மகளை ஒரு பார்வை பார்த்தாள். "காலையில இவ இங்க வந்துட்டுப் போனாளாமே. எழுத்து, பலகைன்னு எல்லார் வீட்டிலயும் சொல்லிட்டுத் திரியிறா. எழுதத் தெரிஞ்ச பொண்ணு யாருக்கு எழுதப் போறா? புருஷன் ஊர்ல இருந்தா எழுத வேண்டியதில்ல, ஊர்ல இல்லாட்டி எழுதிக் குடுக்க ஆள் இருக்கு."

"ஆளு எழுதினா ஆளுக்குத் தோணுனதைத்தானே பெரியும்மா எழுதுறாஹ" என்றாள் உம்மு ஹபீபா.

"வாய் இருக்கு உனக்கு, அது போதாதா?"

சாறா நாச்சி நூற்று அறுபத்து மூன்றையும் எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். முன்னால் இருந்ததோடு இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. வாசல் வெயில் முதல் தூணைத் தாண்டிவிட்டது, அஸர் பாங்குக்கு அதிகம் இல்லை. மற்றவர்களுக்கு ஆளுக்குப் பத்து இருபதுதான் மீதி. தனியாக ஓதினால் முடியாது. கேட்கவும் வாய் வரவில்லை. அப்போது ஆசியா உம்மா தன் கடைசிக் கொட்டையை நடுவில் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து இரண்டு கையாலும் ஒரு வாரு வாரினாள். "இங்க குடுங்க. கடல்ல எம் மவன் இருக்கான், உங்க யோசனைக்கு அவன் முங்க முடியாது." மடியில் போட்டு எண்ணினாள்: எண்பத்தாறு. உம்மு ஹபீபா எழுபது எடுத்துக்கொண்டாள். ஜெய்னம்பு நாற்பத்தெட்டு. மிஞ்சிய தொண்ணூறைச் சாறா நாச்சி தானே ஓதினாள். இந்தத் தடவை ஒவ்வொரு கொட்டையையும் ஓதி முடிக்கும்வரை விரலுக்குள் அழுத்திப் பிடித்திருந்தாள், புளியங்கொட்டை இவ்வளவு வழுவழுப்பு என்று புதிதாகத் தெரிந்துகொள்வதுபோல. ஆசியா உம்மாவின் வாய் வேகமாக அசைந்துகொண்டிருந்தது. பதினேழாவது பாட்டைப் பற்றி இவளிடம் கேட்டால் என்ன சொல்வாள்? இவளுக்கும் ஒரு தடவை பூ கட்டியிருக்கிறது, சாறா நாச்சியே போய்க் கட்டிவிட்டாள். என்றைக்காவது கேட்க வேண்டும். எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. தொண்ணூறு.

குவியலை எண்ணி முடித்தபோது நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நான்கு. துஆ கேட்டார்கள். பாங்கு கேட்டது, தொழுதார்கள். ஒவ்வொருத்தியாகத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முடுக்கு வழியாகப் போனார்கள். ஆசியா உம்மா வாசலில் நின்று, "நாளைக்கு மரைக்காயர் ஆள் வருவான். பலகையெல்லாம் எடுத்து வச்சாச்சா லாத்தா?" என்று கேட்டாள்.

"எண்ணி வைக்கணும்."

"எண்ணுங்க எண்ணுங்க. நல்லா ஓதிக்கிட்டே எண்ணுங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

உம்மு ஹபீபா போகவில்லை. பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். அஸர் முடிந்துவிட்டது, இன்னும் பதில் வரவில்லை. சாறா நாச்சி அவளைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளறையைத் திறந்தாள். சாவி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது, நாளை வெள்ளிக்கிழமை இந்நேரம் இது யார் இடுப்பில் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தபோது பயமாக இருந்தது. பயத்தோடு சேர்ந்து, மரைக்காயர் கேட்கும்போது அவர் புருவம் எப்படிப் போகும், பதினேழாவது பாட்டை அவர் எப்போதாவது கவனித்துக் கேட்டிருப்பாரா, அவர் வீட்டுப் பெண்கள் அதை ஓதும்போது அவர் எங்கே இருப்பார் என்றெல்லாம் தெரிந்துகொள்ளும் ஆசையும் வந்தது. பெட்டியைத் திறந்தாள். பூவரசுப் பலகைகள். எத்தனையோ வருடம் உஸ்தாத் பீயின் வீட்டுக்காரர் கருகிய அரிசி மையால் எழுதிக்கொடுக்க, பிள்ளைகள் ஓதி ஓதிக் கழுவிக் கழுவி, மரத்துக்குள்ளேயே ஒரு சாம்பல் நிறம் ஊறியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துப்பட்டி நுனியால் துடைத்துத் தரையில் அடுக்கினாள். துடைக்கும்போது உம்மாவின் ஈரத்துணி நினைவுக்கு வந்தது, கையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

"இந்தா" என்றாள், அடுக்கைக் காட்டி. "சனிக்கிழமை லுஹர் கழிஞ்சு வரச் சொல்லு. மை நீயே காய்ச்சிக் கொண்டு வா."

உம்மு ஹபீபா உட்கார்ந்து பலகைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"லாத்தா, புள்ளைகளுக்கு ஏழு. எனக்கு ஒண்ணு. எட்டுதானே வரணும்? ஒன்பது இருக்கு." தயங்கினாள். "இன்னைக்கு உங்களுக்கு எண்ணிக்கை தப்பிக்கிட்டே இருக்கு."

"தப்பல" என்றாள் சாறா நாச்சி.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். உம்மு ஹபீபா அவளைப் பார்த்தாள், பலகைகளைப் பார்த்தாள், மேலே இருந்த ஒன்பதாவதை எடுத்து அவள் படுக்கிற அறையின் வாசலில் சாய்த்து வைத்தாள். திரும்பி வந்து, "நாளைக்கு ஆள் வந்தா என்ன சொல்வீங்க லாத்தா?" என்று கேட்டாள்.

"இருக்கிறதை எண்ணிக் குடுப்பேன்."

குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். மொத்தம் பதினொன்று, வெளியே ஒன்பது. மிச்சம் இரண்டு.